ஞாயிற்றுக்கிழமை அயிரை

ஏரல் பாலத்துக்குக் கீழே, தாமிரபரணியில் முழங்கால் ஆழத்தில் அவர் நின்றிருந்தார். அகன்ற தோள், வெயிலில் வெளுத்த புருவம், கழுத்தில் ஜெபமாலை. திரேஸ்புரத்துக் கடல்காரர். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் பஸ் ஏறி ஆற்றுக்கு வந்துவிடுவாராம். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். ஆற்று மீனைப் பெரும்பாலும் படத்தில் பார்த்தவன். மறுநாள் வகுப்புக்கு ஒரு மீன் வேண்டுமென்று ஃபார்மலின் பாட்டிலோடு போயிருந்தேன்.

அவர் துண்டை மணலோடு விரித்துப் பிடித்து, காலால் கலக்கி, சட்டென்று தூக்கினார். விரல் நீளத்தில் ஒன்று நெளிந்தது.

“கெளுத்திக் குஞ்சு,” என்றேன்.

“கெளுத்தின்னா இந்நேரம் கையில முள்ளு ஏறியிருக்கும். இது அயிர சார்.”

உள்ளங்கைத் தண்ணீரில் வைத்து அதன் மீசைகளை எண்ணிக் காட்டினார். ஆறு. பிடித்த ஒவ்வொன்றையும் அப்படி எண்ணிவிட்டு ஆற்றிலேயே விட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாட்டிலை நீட்டினேன்.

“இதுக்குள்ள உசுரோட கெடக்குமா சார்?”

“கிடக்காது.”

அவர் கையைத் தண்ணீருக்குள் இறக்கி விரித்தார். “இன்னைக்கு வேண்டாம் சார். நாளைக்கு வாங்க, எத்தன வேணும்னாலும் புடிச்சுத் தாரேன்.”

நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சாயர்புரம் தாண்டும்போதுதான் உறைத்தது: திங்கட்கிழமை அவர் கடலில் அல்லவா இருப்பார்!

தெரிந்தேதான் சொன்னாரா என்று கேட்க அடுத்த ஞாயிறும் ஏரலுக்குப் போனேன். அவர் வரவில்லை. பாட்டிலை நானும் கொண்டுபோகவில்லை.