அசை போடாத ஆடுகள்

என் அக்கா கெங்கம்மாளைக் கட்டிய சுப்பராயன், ஆம்பூர் மலையடிவாரத்தில் இருபது ஆடு மேய்த்தவர். சிறுத்தை கத்தினால் அர்த்தம் கேட்க ஊரே அவரிடம்தான் வரும். மேலே ரம்பம் அறுப்பதுபோல் அது கத்தும்போது மற்றவர்கள் ஆடுகளை விரட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடுவார்கள். மாமாவின் ஆடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அசை போடும்.

"வேட்டைக்கு வர்றது கத்திகினா வரும்? அது பாட்டுக்கு அது போவுது. ஆட்டுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல," என்பார்.

பத்து வருஷத்தில் ஒரு ஆட்டைக்கூட அவர் சிறுத்தைக்குக் கொடுத்ததில்லை. அந்தப் பெருமையை நான் வேலை செய்த தோல் பதனிடும் கிடங்கில் வாய் வலிக்கப் பீற்றிக்கொள்வேன்.

1912 சித்திரை. கிடங்குக்கு லீவு என்று நானும் அக்கா மாமாவோடு மலைக்குப் போயிருந்தேன். மாமாவின் காலில் முள் ஏறிவிட்டது. நான் அதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் ஒரு ஆட்டுக்குட்டி பாறை இடுக்குப் பக்கம் போய்விட்டது. இடுக்குக்குள்ளிருந்து உறுமல் கேட்டது.

"கெங்கா, போய்க் குட்டியப் புடிச்சிகினு வா," என்றார் மாமா.

அக்கா நகரவில்லை. "ஆடுங்க அசை போடல, பாத்தியா மாமா? சத்தம் வேற மாதிரி கீது."

"கத்துறது கடிக்காது. எத்தினி வருசமா சொல்றேன்."

இந்த நாறவாய் சும்மா இருந்திருக்கலாம். "இன்னாக்கா, மாமா பொண்டாட்டி நீயே பயந்தா ஊரு இன்னா சொல்லும்?" என்று சிரித்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

குட்டி போட்ட சிறுத்தை உள்ளே இருந்திருக்கிறது. கிட்டே வராதே என்று அது சொன்னது இருபது ஆட்டுக்கும் புரிந்தது, அக்காவுக்கும் புரிந்தது. எங்கள் இரண்டு பேருக்குத்தான் புரியவில்லை. அது குதறிப்போட்ட அவளை நாங்கள் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த ஆட்டுக்குட்டி தானாகவே திரும்பி வந்து தாயிடம் பால் குடித்ததாம்.

மாமா ஆடுகளை விற்றுவிட்டு என்னோடு கிடங்கில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார். சாகிறவரைக்கும் பதினெட்டு வருஷம், கை வெந்து புண்ணாக, ஆட்டுத்தோல் அலசினார். யாராவது சிறுத்தைப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

ஒரே ஒரு தடவை, மத்தியானம் சோறு தின்னும்போது அவராகவே வாய் திறந்தார். "எம் பேச்சுக்கு அவ போவலடா. நின்னுகினுதான் இருந்தா. நீ சிரிச்ச, போனா."