அம்மாவின் மூக்காக நான் இருந்த காலம்

எறிகணைகளுக்குத் தப்பி, இருட்டில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்து, வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் மூட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல் கொழும்புக்கு வந்து சேர்ந்த என் அம்மா, வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்தார். கால் தரையில் படுமுன் சாரதி பஸ்ஸை எடுத்துவிட்டான், அவ்வளவுதான். காலி வீதியில் பின்மண்டை அடிபட்டது. “பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி” என்று பெரிய மாமா தலையில் கைவைத்தார்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்தார். அந்தக் காரணத்தால் தன்னை முக்கால் டொக்டர் என்று நம்பினார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைகளில்தான் அம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டிருந்தோம். அப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். படுக்கையில் கிடந்த தன் தகப்பனை, என் அப்பப்பாவை, பார்க்க ஆள் இல்லை, பின்னால் வருகிறேன் என்று சொல்லி எங்களை அனுப்பியிருந்தார். நாங்கள் வந்த பிறகு பாதை இன்னும் இறுக்கமாகிவிட்டது. அப்பாவின் கடிதங்களும் குறைந்துகொண்டு வந்தன.

அம்மாவின் தலைக்காயம் ஆறியது. ஆனால் ஒருநாள், அடுப்பில் பருப்பு கரியாகிப் புகைந்தபோது பக்கத்திலேயே நின்ற அம்மா ஆறுதலாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன் அறையிலிருந்து மாமா குய்யோ முறையோ என்று ஓடிவந்தார். அப்போதுதான் அம்மா, ஏதோ வெட்கப்படுகிற விஷயத்தைச் சொல்வது போல, “எனக்கு ஒண்டும் மணக்கேல்லை அண்ணா” என்றார். விழுந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். மூக்கும் முழியுமாக இருந்த என் அம்மாவின் மூக்கு சும்மா அழகுக்கு மட்டும் இருந்தது.

டொக்டர் சொன்னதை மாமா வீட்டுக்கு வந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இடியப்ப உரலைக் கையில் எடுத்து அதன் அடித்தட்டைக் காட்டினார். மூக்கின் உச்சியில் இப்படிக் கண் கண்ணாக ஒரு எலும்பு இருக்கிறதாம். அந்தக் கண்களுக்குள்ளால் இடியப்பத் தும்பு மாதிரி நரம்புகள் மூளைக்குப் போகின்றனவாம். தலை அடிபட்டு மூளை குலுங்கியபோது தும்புகள் அறுந்துவிட்டன. முளைத்தாலும் முளைக்கும், முளைக்காமலும் போகும்.

“கண்ணாலை பாக்கிறது, காதாலை கேக்கிறது எல்லாம் மூளையின்ரை செக்பொயின்ரிலை நிண்டு பதிஞ்சு, அவன் விட்டால்தான் உள்ளுக்குப் போகலாம். மணத்துக்கு மட்டும் பாஸ் தேவையில்லை. ஞாபகம் இருக்கிற இடத்துக்கு நேரை போயிடும்” என்றார் மாமா. பாஸ் இல்லாமல் எங்கும் போக முடியாத அந்தக் காலத்தில், மணத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நாக்கு தப்பியிருந்தது. ஆனால் நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கைப்பு என்று நாலைந்துக்கு மேல் தெரியாதாம். மீன் குழம்பை மீன் குழம்பு என்று சொல்வது மூக்குத்தானாம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மாம்பழம் தின்று பார்த்தேன். இனிப்புத் தண்ணீர். கையை எடுத்தவுடன் மாம்பழம் ஓடி வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்குக் கையை எடுக்க வழியில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சோறு கடதாசி தின்பது போல இருக்கிறது என்று அம்மா கோப்பையைத் தள்ளி வைப்பார். எரிவு மட்டும் தெரிந்தது. அதனால் கறிக்கு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினார். மாமா கண்ணீரும் மூக்குமாகச் சாப்பிட்டுவிட்டு, “இனி இவள் மணந்து பாத்துச் சொன்னால்தான் சட்டியை இறக்க வேணும்” என்று என்னைக் காட்டித் தீர்ப்பளித்தார்.

அப்படித்தான் அந்த வீட்டுக்கு நான் மூக்கானேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காத எனக்கு அது பெரிய உத்தியோகம். பால் திரைந்ததோ, சோறு பழுதோ, மல்லி வறுபட்டதோ, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடல் காற்று வந்தால் கடல் என்பேன். வாய்க்கால் நாற்றம் வந்தால் வாய்க்கால் என்பேன். அம்மா தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

ஒரு பின்னேரம், ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர் அப்பா தந்ததாக ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனங்களியைக் காயவைத்த பனாட்டு, ஒரு பால்மா ரின் நிறைய வறுத்த கறித்தூள். தூள் சிந்தாமல் இருக்க ரின்னைச் சுற்றி, அப்பா இடுப்பில் கட்டும் நீலக்கோட்டுச் சாரம். மாமா தூளை முகர்ந்து, “ஆகா!” என்று கண்ணை மூடினார். அம்மா தூளைப் பார்க்கவேயில்லை. சாரத்தை எடுத்து முகத்தில் புதைத்து மூச்சை இழுத்தார். பிறகு முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, இஞ்சை வா. மணந்து சொல்லு.”

நான் என் உத்தியோகத்தைத் தொடங்கினேன். “தூள். பனாட்டு. விளக்குப் புகை. பிறகு பனம்பழம்.”

அம்மா சிரித்தார். “சவுக்காரம் இல்லையெண்டு பனங்களியிலை தோய்ச்சிருக்கிறார், பாவம்.” பிறகு சிரிப்பு நின்றது. “வேறை?”

“இன்னொண்டு இருக்கு. அடியிலை.”

“என்னது? வேர்வையோ?”

“இல்லை.”

“சுருட்டோ? தலைக்கு வைக்கிற எண்ணெயோ?”

“இல்லையம்மா, அதுக்குப் பேரில்லை.”

“எப்பிடி இருக்கு? திரும்ப மணந்து பார், ராசாத்தி.”

திரும்பத் திரும்ப மணந்தேன். எனக்குப் புழுக்கொடியல் தின்ன வாய் ஊறிக்கொண்டிருந்தது. எவ்வளவு மணந்தாலும் அதற்குச் சொல் வரவில்லை. கடைசியில் அதுவும் தெரியாமல் போயிற்று. ஒரே மணத்தில் கிடந்தால் மூக்குக்குச் சலித்துவிடும், கொஞ்ச நேரம் விடு என்று மாமா சொன்னார். அம்மா சாரத்தை மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்து, காற்றுப் போகாமல் இறப்பர் வளையம் போட்டார். மூக்கு வந்தவுடன் மணந்து பார்க்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆனால் அம்மாவுக்குப் பொறுமை இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் எனக்குத் தலைக்கு வார்த்து உலர்த்திய பிறகு அந்தப் பையைத் திறப்பார். தான் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். “இருக்கோ?”

“இருக்கு.”

“நல்லா மணந்து வைச்சுக்கொள்.”

திறக்கத் திறக்க அது மெலிந்தது. முதலில் புகை போயிற்று, பிறகு பனம்பழம். கடைசியில் ஒருநாள், “அம்மா, தூள் மட்டும்தான் இருக்கு” என்றேன். வீட்டின் மூக்கு பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. அம்மா பையை மூடவில்லை. “உனக்கு ஞாபகம் இருக்குத்தானே?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அது போதும்” என்றார்.

அம்மாவின் மூக்கு முளைக்கவேயில்லை. பாதை ஒருநாள் திறந்தது. வருவதற்கு அப்பா இருக்கவில்லை. அந்த மணம் இன்றும் எனக்குள் இருக்கிறது. சில வேளை, சனம் நெரியும் பஸ்ஸில் யாரோ கடந்து போகும்போது அது திடீரென்று வரும். திரும்பிப் பார்ப்பேன். அதற்கு இன்னும் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவிடம் அதைக் கொடுக்கவும் முடியவில்லை.

பை வெறுமையான பிறகும் அம்மா சனிக்கிழமைகளில் எனக்குத் தலைக்கு வார்ப்பார். உலர்த்தி முடிந்ததும் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்து, நெடுநேரம் மூச்சை இழுப்பார். எனக்குக் கூசும். ஒழுங்கையில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். “உங்களுக்குத்தான் ஒண்டும் மணக்காதே அம்மா, பிறகென்னத்துக்கு?” என்று கையைத் தட்டிவிட்டு, நான் வெளியே ஓடுவேன்.