மைக்கில் சொன்ன பாவம்

அல்போன்சாவின் வலது கையில் மிச்சம் இருப்பது இரண்டே விரல்கள். மற்ற மூன்றையும் 1997இல் பெங்களூர் பீன்யாவில் ஒரு பேக்டரியின் பவர் பிரஸ் நசுக்கி எடுத்துக்கொண்டது. விரல் போனதைக்கூட அவள் ஒருவாறு தாங்கிக்கொண்டாள். ஃபோர்மன் சில்வெஸ்டர் எழுதிக் கொடுத்தானே ஒரு ரிப்போர்ட், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு இரும்புக் கார்டு இருக்கும். கார்டு இருந்தால் வேலை மெதுவாக ஓடும். மாசக் கடைசி, ஆர்டர் போகணும் என்று சில்வெஸ்டர்தான் ஸ்பேனரை எடுத்து வந்து அதைக் கழற்றினான். மறுநாள் ரிப்போர்ட்டில் என்ன எழுதினான் தெரியுமா? இந்தப் பெண் சீக்கிரம் முடிக்கும் ஆசையில், சொன்ன பேச்சைக் கேட்காமல் தானே கழற்றிவிட்டாள் என்று. கம்பெனி அவளை வேலையை விட்டுத் தூக்கியது. புருஷன் செத்து மூன்று வருஷம், பன்னிரண்டு வயது மகள் லவினா, லிங்கராஜபுரத்தில் ஓர் ஒற்றை அறை. ஒரு ஹாஸ்டலில் இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டாள். பேக்கிங் செக்‌ஷனில் ஒரு வேலை வேண்டும், அந்தப் பொய் ரிப்போர்ட் போக வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, சில்வெஸ்டரும் அவள் போகிற சபைக்கே போகிறவன். ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹால், பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அவள் பாட்டுப் பாடினாள்.

99இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் சில்வெஸ்டர் எழுந்து மைக்கை வாங்கினான். “அந்த கார்டை கழட்டினது நான்தான். அல்போன்சா சிஸ்டர் மேல பழி போட்டேன். நான் பாவி” என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விசும்பினான். ஹாலே அல்லேலூயா என்று அதிர்ந்தது. பாஸ்டர் அவனைக் கட்டிப் பிடித்தார். பெண்கள் எல்லாரும் அல்போன்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அழுதாள், சந்தோஷத்தில். அப்பாடா, உண்மை வெளியே வந்துவிட்டது, நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். பாவம், அப்படித்தான் நினைத்தாள். பாஸ்டர் கேட்டதும் எழுந்து நின்று, மன்னித்துவிட்டேன் என்று வாய் நிறையச் சொன்னாள். அன்றைக்கு அது பொய்யில்லை.

மறுநாளே வக்கீல் ஜானகியிடம் ஓடினாள். அந்த அம்மாள் சொன்னது ஒன்றுதான்: கம்பெனி பக்கத்துச் சாட்சியே அந்த ஆள்தான், அவன் கூண்டில் நின்று ரிப்போர்ட் பொய் என்று சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது. அல்போன்சா சில்வெஸ்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவன் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, கனிவாகச் சொன்னான்.

“சிஸ்டர், இயேசப்பா கழுவிட்டாரு. கழுவினதை மறுபடி கோர்ட்ல போய் தோண்டணுமா?”

பாஸ்டரிடம் போனாள். விசுவாசிகள் விசுவாசிகளைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்றார் அவர். சபையில் கர்த்தருக்கு முன்னால் சொன்னதை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நாற்பது சாட்சிகளின் வாயும் அதோடு அடைத்துப் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பு அவள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போன பெண். அங்கே சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் திரைக்குப் பின்னால் கிசுகிசுப்பாக நடக்கும். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரி பண்ணு என்று சாமியார் பரிகாரமாவது சொல்லி அனுப்புவார். இங்கே மைக், கண்ணீர், கைதட்டல், அவ்வளவோடு சரி.

சில்வெஸ்டரின் சாட்சி ஊருக்குள் பிரபலமாயிற்று. ஹெப்பகோடியில் கூட்டம், அல்சூரில் உபவாச ஜெபம், எல்லா இடத்துக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் தனி ஆளாகப் போனால் எடுபடுமா? அல்போன்சாவும் கூட வர வேண்டும் என்றார் பாஸ்டர். கேஸுக்கு முன்னால் பிரதருடைய மனசைக் கர்த்தர் இளக்குவார் என்று ஒரு ஆசையையும் காட்டினார். போனாள், வேறென்ன செய்வாள்? ஒன்பது கூட்டங்களுக்குப் போனாள். ஒவ்வொரு மேடையிலும் அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, இந்தக் கை என்னை மன்னித்த கை என்று காட்டுவான். ஜனங்கள் தேம்புவார்கள். அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசும். ரயிலில் கையைக் காட்டிப் பிச்சை எடுப்பவர்கள் ஞாபகம் வரும். அவர்களுக்காவது கையில் ஏதோ விழும்.

2000 ஆகஸ்டில் விசாரணை வந்தது. சில்வெஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்தான். அவளைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னான். கடவுள்மேல் ஆணையிட்டுக் கூண்டில் ஏறினான். கார்டைக் கழற்றியது இந்தப் பெண்தானா என்று கம்பெனி வக்கீல் கன்னடத்தில் கேட்டார்.

“ஹௌது சார்” என்றான். ஆமாம் சார்! ஜானகி அவனை எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தாள். சபையில் என்ன சொன்னாய் என்றும் கேட்டாள். அது ஆவிக்குரிய விஷயம் சார், எல்லாப் பாவத்தையும் என்மேல் ஏற்றுக்கொண்டு ஜெபித்தேன் என்று நீதிபதியிடம் சொல்லித் தப்பித்தான். அந்த வருஷம்தான் அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள்.

வராந்தாவில் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினான். “வேலை போயிடும் சிஸ்டர், ரெண்டு பசங்க படிக்கிறாங்க. இதையும் மன்னிச்சிடுங்க.” அவள் அவன் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். வாய் உலர்ந்து போயிருந்தது அவளுக்கு.

அடுத்த ஞாயிறு அவன் மறுபடியும் மைக்கைப் பிடித்தான். கோர்ட்டில் பொய் சொன்னேன், பேதுருவைப் போல மறுதலித்தேன் என்று முழங்காலில் விழுந்து கதறினான். ஹால் முன்பைவிடப் பலமாக அதிர்ந்தது. பாஸ்டர் அல்போன்சாவைப் பார்த்து, எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் சிஸ்டர் என்றார்.

அவள் எழுந்தாள். “மன்னிக்கிறேன் பாஸ்டர், இப்பவே மன்னிக்கிறேன். தீர்ப்பு இன்னும் வரல. இங்க சொன்னதை நாளைக்கு வக்கீலம்மா ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

அல்லேலூயா நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சில்வெஸ்டர் கர்ச்சீப்பை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

“கண்டிஷன் போட்டா அது மன்னிப்பு இல்ல சிஸ்டர்” என்றார் பாஸ்டர். கசப்பை வைத்துக்கொண்டு திருவிருந்தில் கை வைக்கக் கூடாது, மனசு இளகும்வரை அவள் அப்பமும் ரசமும் எடுக்க வேண்டாம் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது: கம்பெனி செய்தது சரி. அவளே கழற்றினாள் என்பது இனிமேல் கோர்ட்டு முத்திரை குத்திய உண்மை. அதே மாதம் சில்வெஸ்டரை சபைக்கு மூப்பராக அபிஷேகம் பண்ணினார்கள்.

லவினாவுக்கு அப்போது பதினைந்து வயது. ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் அந்த ஹாலில்தான். “ஒரே ஒரு வார்த்தைம்மா. சொல்லித் தொலையேன். உன்னால என்கிட்டயும் யாரும் பேச மாட்டேங்கறாங்க” என்று வீட்டில் தினமும் அழுதாள். அல்போன்சா பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அடுத்த மாதம் திருவிருந்து. தட்டை ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசைக்கு வந்தவன் புது மூப்பர். அல்போன்சாவுக்கு முன்னால் அவன் நிற்கவே இல்லை. தட்டு அவளைத் தாண்டி லவினாவிடம் போயிற்று. லவினா அம்மாவைப் பார்க்காமல் அப்பத்தை எடுத்துக்கொண்டாள். சில்வெஸ்டர் அவள் தலையில் கை வைத்து, “உங்கம்மா மனசு இளகணும்னு ஜெபம் பண்ணும்மா” என்றான்.

“பண்றேன் அங்கிள்” என்றாள் லவினா.