ஜயா டீச்சரின் மேல் ஸட்ஜம்

பெருமாள்புரத்தில் ஜயலக்ஷ்மி வீடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸரிகம டீச்சர் வீடு என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டு இறக்கிவிடுவார். பெரிய வித்வான்களை உருவாக்கினாள் என்றெல்லாம் யாரும் அளக்க வேண்டாம். அவளிடம் வந்ததெல்லாம் முன்பல் விழுந்த வயசுப் பிள்ளைகள். 'ஸ' என்கிற ஸட்ஜத்தில் ஆடாமல் நிற்கப் பழகி, சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்து, தாளம் தப்பாமல் நாலு கீதம் பாட வந்துவிட்டால் வேறு பெரிய இடத்துக்குப் போய்விடும். அஸ்திவாரம் போடுவதோடு அவள் வேலை சரி. அதில் மட்டும் அவளை அசைக்க முடியாது.

எழுதி வைத்துக்கொள்வது, செல்லில் பதிவு செய்வது எல்லாம் அவளிடம் நடக்காது. "என் வாயைப் பாரு, கேளு, அப்படியே திருப்பிச் சொல்லு." அவ்வளவுதான் பாடம். அவள் இருமினால் கூடவே இருமிய பிள்ளைகளும் உண்டு.

கணவர் கோபாலசுப்பிரமணியன் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். பூனேயில் வேலை பார்க்கும் மகன் அபிஜித், "தனியா அங்க என்னம்மா பண்றே, இங்க வந்துடு" என்று வாரந்தவறாமல் கூப்பிடுவான். "கிளாஸ் இருக்குடா" என்பாள். சாக்கு இல்லை, நிஜம். அந்த வகுப்புதான் அவளைக் காலையில் எழுப்பி முகம் கழுவ வைத்தது. அதுவும் போனால் தன்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்கே தெரியும்.

போன வருஷம் கழுத்தில் தைராய்டு கட்டி. எடுத்தே ஆகவேண்டும், குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டாலும் படலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கத்தியை வைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு திரும்பியது. பாட்டும் வந்தது. ஸரிகம ஏறி முடிகிற மேல் ஸட்ஜத்தில் மட்டும் குரல் துணி கிழிகிற மாதிரி பிளந்தது. வெந்நீர், மிளகு, அதிமதுரம் எதற்கும் அது மசியவில்லை. அப்போதே வகுப்பை மூடியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? சுருதிப் பெட்டி இருக்கிறதே, பிள்ளைகள் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து வைத்தாள்.

நவராத்திரி முதல் நாள் தெருமுனை அம்மன் கோயிலில் பிள்ளைகள் பாடினார்கள். வகுப்பில் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்போதும் கூடவே பாடுகிறவள், அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கீழே உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு தன் குரல் கலக்காமல் அவர்கள் பாடுவதைக் கேட்டது அன்றைக்குத்தான். படிப்படியாக மேலே ஏறினார்கள். மேல் ஸட்ஜத்தில் அத்தனை குரலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி பிளந்தது.

"மைக் சரியில்ல போல" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஜயலக்ஷ்மி தாளத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் வாயாகப் பார்த்தாள். மேடைக்கு முன்னால் சங்கர் நின்று, மூத்த மகள் இசக்கிப்ரியா பாடுவதைச் செல்லில் எடுத்துக்கொண்டிருந்தார். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் இசக்கிப்ரியாவைத் தனியே கூப்பிட்டாள்.

"தொண்டை வலிக்கறதாடி?"

"இல்ல டீச்சர்."

"பின்னே மேலே போறச்சே ஏன் ஒடையறது?"

குழந்தைக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அப்படித்தான டீச்சர் பாடணும்? நீங்க அங்கன வரும்போது லேசா ஒடச்சு விடுதீங்கல்லா. எனக்கு மொதல்ல வரல. வீட்ல பாடிப் பாடிப் பாத்தேன், வந்துட்டு. சின்னப் பிள்ளையளுக்கு வரவே இல்ல. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதையும் பெருமையாகச் சொன்னது, பாவம். ஜயலக்ஷ்மி அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். நல்ல தொண்டைகளைக் கெடுத்துவிட்டேனே.

அதன்பிறகு வகுப்பில் பாடாமல் ஆர்மோனியக் கட்டையை அழுத்திப் பார்த்தாள். பெட்டி சொல்வதை யார் கேட்டார்கள்? பிள்ளைகளின் கண்ணெல்லாம் அவள் வாயில்தான். பொறுமை கெட்டு ஒருநாள் சுள்ளென்று விழுந்தாள். பிள்ளைகள் பயந்துபோய் இன்னும் கவனமாக உடைத்தார்கள்.

விஜயதசமியன்று சங்கர் பழத்தட்டோடு வந்தார். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையைப் பிடித்தபடி இசக்கிப்ரியா, பின்னாலேயே சின்ன மகள் ஆதிரா.

"இவளையும் சேத்துக்கிடுங்க டீச்சர். இன்னைக்கு நாள் நல்லாருக்கு."

"மகாராஜ நகர்ல ஒரு டீச்சர் இருக்கா. ரெண்டு பேரையும் அவகிட்ட விடுங்கோ. இனிமே இங்க கிளாஸ் கிடையாது."

சங்கரின் முகம் செத்துப் போயிற்று. "நாங்க எதுவும் தப்பா நடந்துக்கிட்டமா டீச்சர்?"

"என் குரல் ஒடஞ்சு போயிடுத்து. அது உங்க பொண்ணுக்கும் தொத்திண்டுடுத்து."

"எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே. திருச்செந்தூர்ல எங்க மாமா வீட்டுல வீடியோவப் போட்டுக் காட்டுனேன். சொக்கிப் போயிட்டாவ."

அவர் பொய் சொல்லவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டால் போதும், வகுப்பு அதுபாட்டுக்கு நடக்கும். ஜயலக்ஷ்மியின் கை நீளக்கூடச் செய்தது. ஆதிரா அண்ணாந்து அவள் வாயையே பார்த்தாள். இன்னும் ஒரு ஸ்வரம்கூடப் பாடிப் பழகாத குழந்தை. ஜயலக்ஷ்மி கையை இழுத்துக்கொண்டாள்.

"அழைச்சுண்டு போயிடுங்கோ."

இசக்கிப்ரியா அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தது. "நான் தப்பாப் பாடுதேன்னுதான டீச்சர் வேண்டாம்ங்குதீங்க? இப்ப சரியாப் பாடிருதேன், கேளுங்க."

வாசல் கேட் பக்கத்தில் நின்றபடியே தொடையில் தாளம் தட்டி ஆரம்பித்தது. ஸ, ரி, க, ம எல்லாம் கம்பி மாதிரி நின்றன. டீச்சரின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏறிப் போய், இத்தனை நாள் பாடியதிலேயே ஆக நேர்த்தியாக மேல் ஸட்ஜத்தை உடைத்தது.

"சரியா டீச்சர்?"

"சரிடி கண்ணு" என்றாள் ஜயலக்ஷ்மி. வேறு என்ன சொல்ல? சங்கரின் பைக் தெரு திரும்புகிறவரை நின்று பார்த்தாள். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு, அபிஜித்துக்குப் போன் போட்டு பூனேக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.