முத்துமணி குட்டி விடும் நேரம்

செத்துப்போன ஆட்டுக்குட்டியைப் பற்றி முத்துமணி யாரிடமும் சொல்லவில்லை. விடிகாலையில் வேலிக்கருவை மரத்தின் தூரில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சொல்லலாம் என்றாலும் பக்கத்தில் ஆள் வேண்டுமே. புருஷன் போய் நாலு வருஷம். ஒரே மகன் செல்வகணேஷ் தோஹாவில். வீட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் கரிசல் காடும், அதன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும் காற்றாலைகளும்தான்.

கடம்பூரிலிருந்து மேற்கே பிரியும் மண் சாலையில் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் வலை கட்டிய தொழு. அதில் நாற்பத்தாறு ஆடுகள். எல்லாம் வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெறித்த பொட்டு ஆடுகள். புதிதாகப் பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவளுக்கு அப்படியில்லை. மூக்கில் புள்ளி விழுந்தது மிளகாய்ப்பொட்டு. காதில் பாதி இல்லாதது மூளிக்காதி. குட்டிகளையும் அப்படித்தான், பிறந்த ஈரம் காய்வதற்குள் முகம் படித்துவிடுவாள்.

பகலில் தாய்கள் மேய்ச்சலுக்குப் போகும். நடக்க மாட்டாத குட்டிகள் ஓலைக்கூட்டுக்குள் கிடக்கும். சாயங்காலம் மந்தை திரும்பியதும் கூட்டைத் திறந்து ஒவ்வொரு குட்டியையும் அதனதன் தாயிடம் சேர்க்க வேண்டும். குட்டி விடுவது என்பார்கள். விவரம் தெரிந்த குட்டிகள் தானே ஓடிப்போய் முட்டிக்கொள்ளும். பச்சைக்குட்டிகளையும், முதல் ஈற்று ஈன்ற ஆடுகளையும் நம்ப முடியாது. அந்த இளந்தாய்களுக்குப் பால் கொடுக்கவே தெரியாது. உதறிக்கொண்டு ஓடும். பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு குட்டியின் வாயை ஆட்டின் மடியில் வைத்து ஊட்ட வேண்டும்.

அங்கேதான் தவறு நடந்தது.

கார்த்திகையில் அவளுக்கு டெங்கு வந்து போனது. காய்ச்சல் இறங்கியது, கைகால் உளைச்சலும் போனது. தலை மட்டும் திரும்பி வரவில்லை. அடுப்படிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று நிற்பாள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கையில் ஊர்ப் பேர் வாய்க்கு வராது. மாசி பிறந்தபோது கூட்டில் பத்தொன்பது குட்டிகள். முதல் ஈற்று ஆடுகள் இரண்டின் குட்டிகள் அவள் தலைக்குள் இடம் மாறிப் போயின. மூன்று நாள் ஒரே குட்டியை இரண்டு ஆட்டிலும் மாற்றி மாற்றி ஊட்டினாள். ஓர் ஆடு உதைத்தது. முதல் ஈற்று ஆடு உதைக்கத்தான் செய்யும் என்று காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பால் மிஞ்சிய குட்டிக்கு வயிறு கழிந்தது. மற்றது கத்தக்கூடத் தெம்பில்லாமல் கூட்டின் மூலையில் கிடந்து, நாலாம் நாள் காலையில் விறைத்திருந்தது. தூக்கியபோது வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆடு உதைத்துச் சொல்லியிருக்கிறது. கேட்காதது அவள்தான்.

மகன் ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவான். பயந்த சுபாவம் அவனுக்கு. அங்கிருந்தபடியே இங்கே எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று நினைப்பான். கொஞ்ச நாளாக அவளைச் சோதிக்க ஆரம்பித்திருந்தான்.

"எம்மா, நேத்து என்ன கொழம்பு வச்சே?"

"பருப்புக் கொழம்பு."

"நாலு நாளாப் பருப்புக் கொழம்புதானா?"

"ஒத்த வகுத்துக்கு நாலு கொழம்பா வைப்பாக?"

சிரிப்பாள். நேற்று என்ன வைத்தோம் என்பது அவளுக்கு நினைவிருக்காது. எப்போது கேட்டாலும் பருப்புக் குழம்பு என்று சொல்வதாக முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள்.

குட்டியைப் புதைத்த அந்த வாரமே போனபோது, கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அந்தக் கட்டடத்திலேயே யோகா, இயற்கை மருத்துவம் என்று போர்டு போட்ட அறைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே யோகலட்சுமி என்ற டாக்டர், மகன் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா செய்யுது?"

"தலைக்குள்ள ஈரச்சாக்கப் போட்டு மூடுனாப்ல இருக்கு. ஒரு பேரு வாய்க்கு வரமாட்டேங்கு."

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே. மாத்திரையப் போட்டுட்டுப் போயிருவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "காய்ச்சலுக்கப்புறம் செல பேருக்கு இது நிக்கும்மா. பைத்தியமும் இல்ல, வயசும் இல்ல. காய்ச்சல் போனது ஒங்க ஒடம்புக்கு இன்னும் தெரியல. பதறிக்கிட்டே நிக்குது. அத மெல்ல எறக்கி விடணும். அடியோட போயிரும்னு நான் சொல்லமாட்டேன். கொறையும்."

பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ம்ம்ம் என்று இழுக்க வேண்டும்.

"நெனப்பு எங்கயாச்சும் ஓடும். ஓடட்டும். வையாதீங்க. மறுபடி கால்ல கொண்டாந்து விட்டுருங்க."

"வெள்ளாமைக்குள்ள எறங்குன ஆட்ட மடக்குத மாதிரி."

"அதேதான்."

செவ்வாய்க்கிழமைகளில் அவள் கோவில்பட்டி போக, பக்கத்துத் தொழு உச்சிமாகாளி தன் மந்தையோடு அவள் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிப்போனார். சும்மா ஓட்டுவாரா?

"மூச்சு விடுததுக்கா மைனி பஸ் ஏறிப் போறீக? நாங்கல்லாம் படிக்காமலே விடுதோம்."

"நீரு விடுத மூச்சுக்குத்தான் ஒம்ம பொண்டாட்டி அடுத்த ரூம்புல படுக்காளாமே" என்றாள். அவர் ஆடுகளை அதட்டி ஓட்டிக்கொண்டு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரி அறையில் பத்துப் பேரோடு பாயில் படுத்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் தனியாகப் படுத்துக் கண்ணை மூடியதும் வேறாகிவிட்டது. ஓசையெல்லாம் அடங்கியதும் அந்த வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்டது. புருஷன் இருமும் இடம், மகன் பையைத் தொப்பென்று போடும் இடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எழுந்து உட்கார்ந்து அழுதாள். நாலைந்து நாள் பாயை விரிக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய் அதைச் சொன்னபோது டாக்டர், "அப்பம் படுக்க வேண்டாம். கண்ண மூடவும் வேண்டாம். நின்னுக்கிட்டுச் செய்யுங்க. ஒங்களுக்கு எந்த வேலைல தடுமாறுதோ அதுக்கு முன்னால செய்யுங்க" என்றாள்.

எந்த வேலை என்று டாக்டர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கூட்டின் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பகல் முழுக்க வெயில் குடித்த மண் உள்ளங்காலில் சுட்டது. குட்டிகள் உள்ளே கத்த, தாய்கள் வெளியே கத்த, நடுவில் நின்று பத்து மூச்சு. பிறகு உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுத்தாள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஒரு குட்டியைத் தூக்கினாள். அதை விட்டு, அது குடிக்கத் தொடங்கி வால் ஆடுவதைப் பார்த்த பிறகே அடுத்தது. முன்பெல்லாம் கால்மணி நேரத்தில் முடிகிற வேலை பொழுது அடைகிறவரை இழுத்தது.

சில நாள் தலை தெளிந்திருக்கும். சில நாள் ஈரச்சாக்கு அப்படியே கிடக்கும். ஆனால் சாக்கு விழுகிறபோது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தொழுகை முடித்துவிட்டு, கயத்தாறு ஆட்டு வியாபாரி அப்துல் ரவூப் தன் 'குட்டி யானை' மினி லாரியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொட்டலம் கடம்பூர்ப் போளி.

"தம்பி போன் போட்டாரு தங்கச்சி. அம்மாவுக்கு முடியல, ஆட்ட மொத்தமாப் பாத்து ஏத்திக்கிடுங்க, நாளைக்கு எட்டயபுரம் சந்தைன்னாரு. ஒங்கள்ட்டச் சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. போளியை நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்குள் அவர் போன் அடித்தது. வீடியோவில் செல்வகணேஷ்.

"எம்மா, கோவப்படாத. நீ தனியாக் கெடந்து..."

"குட்டி விடுத நேரம்லே. பாய், அவனச் சட்டைப் பைக்குள்ள போடுங்க."

ரவூப் போனைப் பையில் வைத்தார். கேமரா பை விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்தது.

முத்துமணி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பத்து மூச்சு. ம்ம்ம். ரவூப் வலையோரம் ஒதுங்கி நின்றார். ஒன்று, இரண்டு என்று குட்டிகள் தாயிடம் போயின. பதினொன்று சரியாகப் போனது. பன்னிரண்டாவது குட்டியைத் தூக்கியதும் சாக்கு விழுந்தது. எதிரே இரண்டு முதல் ஈற்று ஆடுகள். எது என்று தெரியவில்லை. பையிலிருந்து மகன் பார்க்கிறான் என்ற நினைப்பு வேறு குறுக்கே வந்தது.

பக்கத்தில் நின்ற ஆட்டின் காலைப் பிடித்துக் குட்டியை மடியில் வைத்தாள். ஆடு உதைத்தது.

அவள் காலை விட்டுவிட்டாள்.

நின்றாள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டாள். குட்டியை மற்ற ஆட்டின் பின்னால் கொண்டுபோய்க் கீழே விட்டாள். அது திரும்பிக் குட்டியின் வாலடியை மோந்தது. காலை அகட்டி நின்றது. குட்டியின் வால் ஆடத் தொடங்கியது.

"மொதல்ல மாத்தி விட்டீங்களோ?" என்றார் ரவூப்.

"ஆமா பாய். அது இல்லன்னு சொல்லிட்டு. கேட்டுக்கிட்டேன்."

பதினெட்டும் முடிந்த பிறகு அவர் பையைப் பார்த்துச் சொன்னாள்: "ஏலே, பத்தொம்பது இருந்துச்சு. ஒண்ணு செத்துப்போச்சு. நாந்தான் பட்டினி போட்டுட்டேன். ஒங்கிட்ட மறச்சுட்டேன். பருப்புக் கொழம்பும் பொய்தான்."

ரவூப் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பால்குடி குட்டியத் தாய்ட்ட இருந்து பிரிச்சு ஏத்த எனக்கு மனசில்ல தம்பி. அம்மா எப்பம் கூப்பிடுதாகளோ அப்பம் வாரேன்." காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு போளியைப் பிட்டாள். இன்னொன்றை நீட்ட ஆளில்லாததால் பொட்டலத்தை மடித்து வைத்தாள். அவளுடைய போன் அடித்தது.

"எம்மா."

"சொல்லுய்யா."

"நேத்து என்ன கொழம்பு?"

கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று அவனே நினைத்தது அவளுக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்லலே."

மறுமுனையில் அவன் மூச்சு கேட்டது. வேகமாக, உதைத்த அந்த முதல் ஈற்று ஆட்டின் மூச்சு மாதிரி. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பாதத்தை மண்ணில் வைத்து, அவனுக்கும் கேட்கிறபடி நாலு எண்ணி மூச்சை இழுத்தாள்.