எரிசேரிக்கு வாங்கிய சேனை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அது தவறு. மூக்கின் மேல் இருந்தால் ஒரு தும்மலோடு போயிருக்கும். எனக்கு அது கையில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பியது என்னவோ நல்ல காரியத்துக்குத்தான். டெங்குவில் பத்து நாள் கிடந்து அவள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைக் கண்டாலே குமட்டியது அவளுக்கு. அன்றுதான் முதல் தடவையாக ஒன்று கேட்டாள்.

"சேனைக்கிழங்கு எரிசேரி வச்சுத் தருவீங்களா? தேங்காயை நல்லாச் செவக்க வறுத்துப் போட்டு?"

நாகர்கோவில்காரி எரிசேரி கேட்டுவிட்டால் பிழைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவில் சேனைக்குப் பஞ்சமில்லை. வங்காளிகள் ஓல் என்பார்கள். தேங்காய் எண்ணெய்தான் பாடு. சமையலுக்கு என்று சொன்னால் கடைக்காரர் நம் தலைமுடியைப் பார்ப்பார்.

காய்கறி விற்கும் மாஷி அரிவாள்மணையில் ஒரு பெரிய கிழங்கைப் பிளந்து, பால் கசியும் துண்டை என் கையில் வைத்தாள். தேங்காய், கறிவேப்பிலை, ஒரு கட்டு கீரை எல்லாம் வாங்கிக்கொண்டு மீன் கடைகளைத் தாண்டும்போது சட்டைப்பையைத் தொட்டேன். போன் இல்லை.

பக்கத்தில் தலையில் வெறுங்கூடையோடு ஒரு மூட்டை தூக்குபவன் வந்துகொண்டிருந்தான். மாஷியின் கடையிலும் அவன் என் தோளை உரசிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் சாட்சி. சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அவன் வாயைத் திறந்தான். அந்த வாயிலேயே குத்தினேன்.

பிறகுதான் "சோர்! சோர்!" என்று கத்தினேன். திருடன் என்ற அந்தச் சொல்லைச் சந்தையில் ஒருமுறை போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எங்கிருந்துதான் வந்தார்களோ. ஒருவன் பெல்ட்டை உருவினான். மீன்காரன் ஒருவன் தராசின் இரும்புத் தண்டால் முழங்காலில் போட்டான். தன் பொருள் எதுவுமே போகாதவர்கள்தான் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அவன் மீன் தண்ணீரில் சுருண்டு விழுந்தான். விழுந்தவனை நானும் இரண்டு உதை உதைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது நன்றாக இருந்தது. பத்து நாளாக ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்த எரிச்சலெல்லாம் காலில் இறங்கியது. மடியைத் தடவிப் பார்த்தார்கள், போன் கிடைக்கவில்லை. கூட்டாளியிடம் கைமாற்றியிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"கையில என்ன ரெத்தம்?" என்றாள் மனைவி.

"திருட்டுப்பய, போனை அடிச்சிட்டான். நானும் விடல. இனி எவன் பையிலயும் கை வைக்க மாட்டான்."

அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். நான் அடுக்களைக்குப் போய்த் தேங்காயை உடைத்தேன். ஒரே அடியில் உடைந்தது. சேனையின் தோலைச் சீவும்போது அதன் பால் விரல் முட்டியில் இருந்த காயத்துக்குள் இறங்கியது. அவனுடைய பல் கிழித்த காயம். அரிப்பும் எரிச்சலுமாக உயிரே போயிற்று. கையைப் புளித்தண்ணீரில் முக்கிக்கொண்டு அவனை இன்னும் நாலு கெட்டவார்த்தை திட்டினேன். பிறகு கிழங்கை மஞ்சளும் மிளகுப்பொடியும் போட்டு வேக வைத்துவிட்டு, தேங்காயைச் சீரகத்தோடு அரைக்கத் தொடங்கினேன்.

மனைவி தன் போனிலிருந்து என் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், அணைத்துவிட்டானா என்று தெரிந்துகொள்ள. மிக்ஸியை நிறுத்தியதும் கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

நானேதான் போட்டிருக்கிறேன். சேனைப்பால் பட்ட கையால் போனைத் தொட்டு, அதைக் காதில் வைத்தால் முகமெல்லாம் அரிக்குமே என்று, மாஷி துண்டை நீட்டும்போதே போனைக் காய்கறிப் பைக்குள் நழுவவிட்டிருந்தேன். சந்தையிலேயே யாரிடமாவது போன் வாங்கி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அதற்கு மூளை வேண்டும். எனக்குக் கைதான் முதலில் வேலை செய்கிறது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த ஆளு உசிரோட இருக்காரா?"

"இருப்பான்."

"போய்ப் பாருங்க. தப்பு என் மேலதான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு வாங்க. அடுப்பை நான் பாத்துக்கிடுதேன்."

சந்தைக்குப் பின்னால் குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மாஷி சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் என் பையில்தான் இருந்தது என்று எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் சொன்னேன்.

பெல்ட்டை உருவியவன் அங்கேதான் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "விடுங்க அண்ணா, இவன் மட்டும் யோக்கியனா என்ன? வேற எதுலயாவது கை வச்சிருப்பான்," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததை என்னவென்று சொல்ல.

கீழே இருந்தவர் வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு மெதுவாகப் பேசினார். "நீங்க போனைப் பைக்குள்ள போட்டதை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

ஒரு ஆட்டோவில் அவரைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் என் மேல் படாமல் அந்த ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் இருந்த பெண் நோட்டை விரித்து, எப்படி ஆயிற்று, யார் அடித்தது என்று கேட்டாள். அடிதடி என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு அலுவலகம் ஞாபகம் வந்தது. மத்திய அரசு வேலை, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அவர் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் பார்த்தேன்.

"விழுந்துட்டேன்," என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. மனைவி சமையலை முடித்திருந்தாள். வறுத்த தேங்காய் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. இரண்டு தட்டு வைத்து, சோறு போட்டு, எனக்காகக் காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"போன் கிடைச்சதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. முழங்கால் எலும்புல விரிசல் விட்டிருக்காம், கட்டுப் போடுறாங்க."

"யார் அடிச்சதுன்னு எழுதியிருக்கு?"

"விழுந்துட்டதா எழுதியிருக்கு."

அவள் ஒரு கவளம் பிசைந்து வைத்திருந்தாள். அதை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தாள். "எனக்குப் பசிக்கல. நீங்க சாப்பிடுங்க," என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன். எரிசேரி நன்றாக வந்திருந்தது.