வியாழக்கிழமைகளில் லாசாலுக்குப் போனவர்

பேராசிரியர் சிவநேசன் மாரடைப்பால் காலமான செய்தி, மரண அறிவித்தலாக என் கைத்தொலைபேசிக்கு வந்தது. எங்கள் ஆட்கள் படத்தைப் பார்த்த கையோடு உறவுமுறைகளை வாசிப்பார்கள். நான் வாசிப்பதோடு நிற்பதில்லை, சரிபார்ப்பேன். வதனியின் அன்புக் கணவர், இரண்டு பிள்ளைகளின் பாசமிகு தந்தை, எல்லாம் சரி. அதற்குக் கீழே, 'லாசாலில் வசிக்கும் அன்னலட்சுமியின் அன்பு மகன்' என்று இருந்தது. அவருடைய தாயார் எப்போதோ யாழ்ப்பாணத்தில் இறந்துபோனவர். துக்கத்துக்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

அவர் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படிப்பித்ததை இந்த நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள். சனிக்கிழமைகளில் வில்லரேயில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு மகளைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை பின்வரிசை வாங்கில் இருந்து மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவார். மனைவிக்குக் குளிரங்கி மாட்டிவிடுவார். பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டுவார். இப்படியொரு மனிதனை நான் கண்டதில்லை என்று என் மனைவி சொன்னபோது, அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றேன்.

அந்தக் காலத்தில் நான் நகரின் இன்னொரு கோடியில் இருக்கும் லாசால் பக்கம் பஸ் ஓட்டினேன். வியாழக்கிழமை பின்னேரங்களில் கையில் சாப்பாட்டுப் பையோடு அவர் ஏறுவார். வீட்டில் கார் நிற்கிறது. முதல் தடவையே கேட்டுவிட்டேன்.

"என்ன சேர், இந்தப் பக்கம்?"

"ஒரு ஆளைப் பாக்கப் போறன் அண்ணை."

ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. அடுத்த வியாழனும் அதே பஸ் தரிப்பு, அதே பை. ஒரு நாள் அவர் இறங்கிய இடத்தில், மூன்றாம் மாடி யன்னலில் ஒரு பெண்ணின் கை திரைச்சீலையை விலக்கியது. கை மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருடம் அவரைப் பள்ளித் தலைவராகப் போடலாம் என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள். செயலாளர் நான். தேநீர் குடிக்கும்போது இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன்.

"வியாழக்கிழமையில சேர் எங்க போறார் எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ."

கூட்டத்தில் அவருடைய பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை. கதை பிள்ளைகளின் காதுக்கும் போய், அவர் மகள் மூன்று கிழமை பள்ளிக்கு வரவில்லை. நாலாம் கிழமை அவர் மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, வழக்கமான வாங்கில் இருந்தார். தன் மாணவர்களுக்குச் சொல்வதை அன்று எனக்கும் சொன்னார்.

"தெரிஞ்சது எவ்வளவு, நாங்களாச் சேர்த்தது எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதோணும் அண்ணை."

மடியில் கனம் உள்ளவன் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

இறுதிச் சடங்கன்று, வதனிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். வதனி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இவதான் அன்னலட்சுமி. என்ர முதல் மனுசன்ர அம்மா. அவர் யுத்தத்தில செத்துப்போனார். இவவுக்கு வேற ஒருத்தரும் இல்லை. எனக்கு இது ரெண்டாம் கலியாணம் எண்டது வெளியில தெரியக்கூடாதெண்டு நான்தான் ஒளிச்சனான். கிழமைக்கொருக்கா இவர் வந்து சாப்பாடு குடுத்து, நகம் வெட்டி, கதைச்சிட்டுப் போவார். காரை வாசல்ல விட்டா எங்கட ஆக்கள் கேப்பினம் எண்டுதான் பஸ். இப்ப பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். அறிவித்தல்ல போடுவிச்சதும் நான்தான்."

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அந்தக் கதையை நான்தான் கிளப்பினது எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"ஓம். அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லயில்லை? சொல்லியிருந்தா நான் வாயைப் பொத்தியிருப்பனே."

வதனி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானும் கேட்டனான். 'அண்ணையிட்டச் சொன்னா என்ர பேர் தப்பும், உன்ர பேர் போகும்' எண்டவர்."

இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். உங்களில் பலர் அவரிடமிருந்து பெற்ற படிப்பையும் அன்பையும் வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது இதுதான். ஊரில் எல்லாரையும் பிழையாகச் சந்தேகப்பட்டுத் திரிந்த என்னை, அவர் ஒருவர்தான் சரியாகச் சந்தேகப்பட்டார்.